ரஷ்ய வாழையும் இரண்டு இளநீரும்

நான் டாக்டராக வேண்டும் என்பது நான் பிறப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிட்ட விஷயம். தீர்மானித்தவர் என் தாய்மாமா. கொழும்பில் கிளாக்கர் உத்தியோகம் பார்த்து, பென்சன் எடுத்துக்கொண்டு நீர்வேலிக்குத் திரும்பி, எங்கள் அடுத்த வளவில் குடியிருந்தவர். கந்தோரில் கோப்புகளை நகர்த்திப் பழகிய கை, ஊருக்கு வந்தபின் எங்கள் குடும்பத்தை நகர்த்தத் தொடங்கியது.

அப்பா வாழைத்தோட்டக்காரர். இதரையும் கதலியும் நட்டிருந்தார். அந்தத் தோட்டத்துக்குள் நான் கால் வைப்பது அவருக்குப் பிடிக்காது. பாத்திக்குத் தண்ணீர் மாறக்கூட விடமாட்டார்.

"உனக்கென்ன இஞ்சை வேலை? போய்ப் படி" என்பார்.

நான் போய்ப் படித்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் நல்லூர் ரியூட்டரிக்குப் போவேன். அங்கே படிப்பித்த மாஸ்டர், குருக்கள் முகூர்த்தம் பார்ப்பதைப் போல, இந்த வருடச் சோதனையில் எந்தக் கேள்வி வரும் என்று பார்த்துச் சொல்லுவார். வராது என்று அவர் சொன்ன பாடங்களை நாங்கள் திறந்தும் பார்ப்பதில்லை. அந்த வருடம் வினாத்தாளை வாங்கிப் பார்த்தபோது, நாங்கள் திறந்து பார்க்காத பாடங்கள் எல்லாம் ஒன்று சேர்ந்து வந்திருந்தன.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போவதற்குக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டும் என்று ஆகிவிட்ட காலம் அது. ஆகவே நான் டாக்டராகாமல் போனதற்கு அரசாங்கத்தைக் காரணம் சொல்லக்கூடியதாக இருந்தது. மாமா அந்த அநியாயத்தை ஊர் முழுக்கச் சொன்னார். என் புள்ளி எத்தனை என்பதை மட்டும் சொல்லவில்லை.

பிறகு அவர் கொழும்புக்குப் போய், பழைய கந்தோர்ச் சிநேகிதர்களைப் பிடித்து, ரஷ்யப் புலமைப்பரிசில் ஒன்றோடு திரும்பி வந்தார்.

"டொக்டருக்குப் படிக்கிற இடமெல்லாம் முடிஞ்சுது. விவசாயம்தான் கிடக்காம்" என்றார்.

அப்பா தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"தோட்டம் செய்யிறதைப் படிக்க ரஷ்யாவுக்குப் போகவேணுமோ? பின்வளவுக்குப் போனாக் காணும்."

"உது தோட்டமில்லை. விஞ்ஞானம்."

"விஞ்ஞானத்துக்கும் எருப் போடத்தானே வேணும்."

மாமா பயண நாளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். கந்தோரிலும் பதில் தெரியாத கடிதங்களை அவர் இப்படித்தான் ஒருபக்கம் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊரில் வெளிநாட்டுப் படிப்பு என்றால் லண்டன் படிப்பு. ரஷ்யாவை எந்த இடத்தில் வைத்துப் பேசுவது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. அம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். "பெடியன் எங்கை போறான்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "லண்டனுக்கு அங்காலை" என்று சொன்னார். அங்காலை என்றதும் லண்டனைவிடக் கொஞ்சம் கூடிய இடம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

குளிர்நாட்டுக்கென்று நல்லூரில் எனக்கு ஒரு கோட்டுத் தைத்தார்கள். தையற்காரர் அதுவரை மாப்பிள்ளைமாருக்குத்தான் கோட்டுத் தைத்திருந்தார். அந்த அளவிலேயே எனக்கும் தைத்தார். கழுத்து மடிப்பில் பளபளவென்று ஒரு பட்டுத்துணியும் வைத்தார். பனி விழுந்துகொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் நான் மொஸ்கோவில் இறங்கியபோது, அங்கே குளிரில் நடுங்கிய ஒரே மாப்பிள்ளை நான்தான்.

விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்தார்கள். மிளகாய்த்தூள் டின், பனாட்டு, பருத்தித்துறை வடை எல்லாவற்றையும் தாண்டிப் போன அதிகாரியின் கை புழுக்கொடியல் கட்டில் போய் நின்றது. அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு அது. பார்ப்பதற்கு விறகுக் கட்டு மாதிரி இருக்கும். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் "சாப்பாடு" என்றேன். அவர் அந்தக் கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கோட்டைப் பார்த்தார். நான் ஒன்றை உருவி முறித்துக் கடித்துக் காட்டினேன். அவரும் கடித்துப் பார்த்தார். பிறகு தாடையைத் தடவிக்கொண்டே பெட்டியை மூடிவிட்டார். இதைச் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு அந்த நாட்டில் ஒன்றும் நேராது என்று நினைத்திருப்பார்.

எனக்குப் பின்னால் நின்றவன் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"மச்சான், அவருக்கு ஒரு துண்டு தேங்காய்ச் சொட்டும் குடுத்திருக்கலாம்" என்றான் தமிழில்.

வடமராட்சிக் கடற்கரைப் பெடியன். அவனுடைய அப்பாவும் பாட்டனும் பாய்க்கப்பல் ஓட்டியவர்கள். கப்பல் இயந்திரம் படிக்க வந்திருந்தான். அவன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்கூட இருக்காது. ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் ஊரில் சந்தித்திருக்கவே மாட்டோம். எங்கள் ஆட்கள் தோட்டக்காரர், அவன் ஆட்கள் கடலோடிகள். இரு பகுதியும் ஒரே முருகனைத்தான் கும்பிட்டோம். ஒரே பந்தியில்தான் இருந்ததில்லை.

பெரிய ஆறு ஓடுகிற ஒரு நகரத்துக்கு எங்களை அனுப்பினார்கள். விடுதிப் பொறுப்பாளர் தலையில் துணி கட்டிய ஒரு தடித்த அம்மாள். எங்களைப் பார்த்த உடனேயே அண்ணன் தம்பி என்று முடிவுகட்டிவிட்டார். இல்லை என்று கையாலும் தலையாலும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். ஊரில் வேலிப் படலையடியில் நின்று கேட்டாலே சின்னப்பிள்ளையும் சொல்லிவிடக்கூடிய வித்தியாசம் அந்த அம்மாளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஒரே அறையைத் தந்தார். கடைசிவருடம்வரை அந்த அறையில்தான் இருந்தோம்.

முதல் வருடம் முழுக்க ரஷ்ய மொழி. படிப்பித்தவர் எங்கள் அம்மாமாருடைய வயதுள்ள ஆசிரியை. ரஷ்ய மொழியில் ஆறு வேற்றுமை என்று அவர் சொன்னதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. எட்டு வேற்றுமையை உருப்போட்டு வந்தவன் நான். நான் ஆறையும் பாடமாக்கினேன். என் நண்பன் ஒன்றையும் பாடமாக்காமல், கடைக்குப் போய்ப் பாண் வாங்கிக்கொண்டும் சனங்களோடு சண்டை பிடித்துக்கொண்டும் வந்தான். மூன்று மாதத்தில் அவன் கதைத்தது எல்லோருக்கும் விளங்கியது. நான் இலக்கணச் சுத்தமாகச் சொன்னது ஆசிரியைக்கு மட்டும் விளங்கியது.

தமிழிலும் இங்கிலீசிலும் இல்லாத ஓர் உயிரெழுத்து அந்த மொழியில் இருந்தது. அது எனக்கு வரவே இல்லை.

"யாரோ உன் வயிற்றில் குத்தினான் என்று நினைத்துக்கொண்டு சொல்" என்றார் ஆசிரியை.

என் நண்பன் பக்கத்தில் இருந்து நிஜமாகவே குத்தினான். எழுத்து வந்தது. வகுப்பு கைதட்டியது.

சாப்பாடுதான் பெரிய சங்கடம். மாட்டிறைச்சி தொடமாட்டேன் என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில், "இது மாடா?" என்று கேட்டால், "இல்லை, சூப்" என்று பதில் வரும். ஒரு கிழமை பாணும் பட்டருமாக இருந்துபார்த்தேன். பிறகு நண்பன் சந்தைக்குப் போய் உருளைக்கிழங்கும் ஆற்றுமீனும் வாங்கி வந்து, என் அம்மாவின் மிளகாய்த்தூளில் குழம்பு வைத்தான். எனக்குச் சோற்றுக்கு உலை வைக்கவும் தெரியாது. ஒரே சட்டிதான் இருந்தது. சாப்பாட்டுக் கோப்பையும் குறைவு. சட்டியின் இரண்டு பக்கமும் இருந்து இரண்டு பேரும் அள்ளித் தின்றோம். அந்தப் பழக்கம் பிறகு மாறவில்லை. அவன் மீன் தலையைத் தனக்கென்று ஒதுக்கிக்கொள்வான் என்பதைத் தவிர எங்களுக்குள் வேறு சண்டை வந்ததில்லை.

படிப்பு தொடங்கியபோதுதான் நல்லூர் ரியூட்டரி எனக்குச் செய்த கெடுதல் தெரிந்தது. ரஷ்யாவில் சோதனை வாய்மொழியாகத்தான். மேசையில் காகிதத் துண்டுகள் கவிழ்த்துவைத்திருப்பார்கள். ஒன்றை எடுத்து, அதிலுள்ள கேள்விக்கு ஆசிரியரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். முதல் சோதனைக்கு முன்பு நான் பேராசிரியரிடம் போய், "எந்தக் கேள்விகள் வரும்?" என்று பணிவாகக் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "எல்லாம் வரும்" என்றார். இப்படி ஒரு பதிலை நான் யாழ்ப்பாணத்தில் கேட்டதே இல்லை.

வெப்பவலயப் பயிர்கள் என்ற பாடத்துக்கு வந்தவர் வெள்ளைத் தாடியோடு ஒரு கிழவர். வாழை மரத்தை அவர் வாழ்நாளில் கண்டதில்லை என்று அவரே சொன்னார். சோதனையன்று நான் எடுத்த துண்டில் வாழை வந்தது. கிழவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மற்ற ஆசிரியர்களையும் கூப்பிட்டார்.

"இவர் வாழை நாட்டிலிருந்து வந்தவர். அப்பா வாழை விவசாயி. இன்றைக்கு நாங்கள் இவரிடம் படிப்போம்" என்றார்.

எல்லோரும் கதிரைகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"வாழையின் தண்டு எங்கே இருக்கிறது?"

நான் நிலத்துக்கு மேலே கையைக் காட்டினேன். நிமிர்ந்து நிற்கிறதே, அதுதான் என்றேன்.

"சரி. ஒரு மரத்தடியில் முளைக்கிற குட்டிகளில் எத்தனையை விடுவார்கள்?"

"வருகிற எல்லாவற்றையும்."

கிழவர் கழற்றி வைத்த கண்ணாடியை மறுபடி மாட்டினார். பிறகு மெதுவாக, என் மனம் நோகாத விதமாக, மேலே நிற்பது இலைமட்டைகளின் அடிகள் ஒன்றையொன்று சுற்றியது என்றும், உண்மையான தண்டு நிலத்துக்குள்ளே கிழங்காகக் கிடக்கிறது என்றும், ஒடுங்கிய வாள் மாதிரி இலையுள்ள குட்டி ஒன்றை விட்டு மற்றவற்றை வெட்டிவிடுவார்கள் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, "உங்கள் ஊரில் வேறு மாதிரி இருக்கலாம்" என்றும் சேர்த்துக்கொண்டார். ஐந்துக்கு மூன்று போட்டார். அந்த மூன்றும் என் அப்பாவுக்குப் போட்டது.

அறைக்கு வந்து நண்பனிடம் சொன்னேன். அவன் கட்டிலில் விழுந்து சிரித்தான்.

"கொப்பர் உன்னைத் தோட்டத்துக்கை விடாமல் துரத்தினது இதுக்குத்தான். இஞ்சை வந்து புதுசாய்ப் படிக்கட்டுமெண்டு."

மூன்றாம் வருட முடிவில் இரண்டு பேரும் விடுமுறைக்கு ஊருக்கு வந்தோம். வந்த கிழமையே மாமா வாசிகசாலையில் எனக்கு ஒரு வரவேற்பு வைத்தார். ரஷ்ய விவசாய விஞ்ஞானம் பற்றிப் பேசச் சொன்னார். நான் அரை மணித்தியாலம் பேசினேன். பேசி முடிந்ததும் தலைமை தாங்கிய இளைப்பாறிய வாத்தியார், சபையோர் கேள்வி கேட்கலாம் என்றார்.

முன்வரிசையில் இருந்த ஒருவர் எழும்பினார்.

"தம்பி, அங்கை வெண்காயம் விலை போகுதோ?"

"ஓம், போகும்."

"வாழைப்பழம்?"

"வாழைப்பழம் வலு அருமை. எப்பவாவது கப்பலிலை பச்சைக்காயாய் வரும். சனம் வரிசையிலை நிண்டு வாங்கும். வாங்கிக்கொண்டு போய் உடுப்பு அலுமாரிக்குள்ளை வைச்சுப் பழுக்க வைப்பினம்."

பின்வரிசையில் தொடங்கிய சிரிப்பு முன்வரிசைவரை வந்தது. சந்திரனுக்கு யந்திரம் அனுப்புகிற நாடு, எங்கள் வேலியோரத்தில் ஆடு தின்னுகிற சாமானுக்கு வரிசையில் நிற்கிறது என்பதை அவர்களால் தாங்க முடியவில்லை. மாமா என் காதருகே குனிந்தார்.

"உதுகளைச் சொல்லாதை. உன்ரை பட்டத்துக்கு மதிப்புக் குறைஞ்சுபோம்."

அடுத்த நாள் காலையில் அப்பா என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்படி அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"என்ன படிச்சனி? சொல்லு பாப்பம்."

தாடிக் கிழவர் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். தண்டு நிலத்துக்குள்ளே. வாள்குட்டி ஒன்றை விட வேண்டும். மற்றவற்றை வெட்டிவிட வேண்டும். அப்பா என்னைப் பார்த்தார், தன் தோட்டத்தைப் பார்த்தார். ஒவ்வொரு மரத்தடியிலும் வாள்குட்டி ஒன்று நின்றது. மற்றவை வெட்டிக் கிடந்தன.

"உதுக்கோ அவ்வளவு தூரம் போனனி?" என்று மட்டும் கேட்டார்.

ஆனால் அப்பா லேசான ஆள் இல்லை. அந்தக் கிழமை சந்தைக்குக் கொண்டுபோன குலைகளைக் காட்டி, "இது என்ரை பெடியன் சொல்லித்தந்த ரஷ்ய முறை" என்று வியாபாரிகளிடம் சொல்லியிருக்கிறார். தோட்டத்தில் அவர் ஓர் இலையைக்கூட மாற்றிவைக்கவில்லை. பாட்டன் நட்ட மாதிரியேதான் நட்டார். இருந்தும் ரஷ்யக் குலைக்கு வேறு மதிப்பு வந்துவிட்டது. மற்றத் தோட்டக்காரர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். பிறகு பின்னேரங்களில் ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்து ரஷ்ய முறையைச் சொல்லித்தரும்படி கேட்டார்கள்.

நான் சொல்லிக்கொடுத்தேன். வேறென்ன செய்வது? அவர்கள் செய்வதையே, இடையிடையே இரண்டு ரஷ்யச் சொல் சேர்த்து, அவர்களுக்குச் சொன்னேன். கைகட்டிக்கொண்டு கேட்டார்கள். ஒருவர் எழும்பும்போது சொன்னார்:

"எங்கடை முறையும் கிட்டத்தட்ட உதுதான் தம்பி. ஆனா உங்கடையிலை ஒரு நுட்பம் இருக்கு."

அப்பா அவருக்குப் பின்னால் நின்று தலையாட்டினார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

இந்தப் புகழெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது ஒருநாள் என் நண்பன் என்னைப் பார்க்க நீர்வேலிக்கு வந்தான். மாமா விறாந்தையில் இருந்தார். அவனைக் கதிரையில் இருத்திவிட்டுத் தன் கந்தோர் வேலையைத் தொடங்கினார்.

"தம்பி எவடம்?"

அவன் ஊரைச் சொன்னான்.

"அந்த ஊரிலை எவடம்?"

"கோயிலடி, ஐயா."

"எந்தக் கோயிலடி?"

"கடற்கரைக் கோயிலடி."

"தேப்பன் என்ன செய்யிறார்?"

"கப்பல் ஓடினவர்."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி அவரின்ரை தேப்பன் ஓடினவர்."

மாமாவுக்குத் தெரியவேண்டியது எல்லாம் தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி வரவில்லை. ரஷ்யா முழுக்க எங்களை, "எந்த நாடு?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள் என்று நண்பன் என் பக்கம் திரும்பி ரஷ்ய மொழியில் சொன்னான். "என்ன சொல்லுறார்?" என்று மாமா கேட்டார். "வீடு நல்ல குளிர்மையாய் இருக்காம்" என்றேன்.

குசினிக்குள் அம்மா நின்ற நிலையை நான் போய்ப் பார்த்தேன். தேத்தண்ணி ஆற்றியபடியே இருந்தது. ஒரு பக்கம் மூக்குப்பேணி, ஒரு பக்கம் கண்ணாடிக் கிளாஸ். வாய்வைக்காமல் அண்ணாந்து குடிக்கிற மூக்குப்பேணியைக் கொடுத்தால் அவன் விளங்கிக்கொள்வான். மகனுடைய சிநேகிதன், வெளிநாட்டில் படிக்கிறவன். வீட்டுக் கிளாஸைக் கொடுத்தால் மாமா பார்ப்பார். அம்மா நல்லவர். யோசித்து யோசித்து, கடைசியில் அப்பாவைக் கூப்பிட்டு இளநீர் பிடுங்கச் சொன்னார். இளநீரில் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிட்டது. மரியாதைக்கு மரியாதை. குடித்த கோம்பையை எறிந்துவிடலாம்.

நண்பன் இளநீரை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான். குடித்து முடித்துவிட்டு, "மாமி, இன்னுமொண்டு தருவியளோ?" என்றான். மாமி என்ற சொல்லில் மாமா கதிரையில் ஒருதரம் அசைந்து இருந்தார். அம்மா இன்னொன்று வெட்டுவித்தார்.

அவன் வெளிக்கிட்டபின் நான் படலைவரை போனேன். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"கோவமோடா?"

"என்னத்துக்கு? நல்ல இளநீர். நீ வாற கிழமை எங்கடை வீட்டை வா."

போனேன். அவன் வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவனுடைய அம்மா வாசலுக்கு வந்து வரவேற்றார். பாய் விரித்திருந்தது. பாய்க்குப் பக்கத்தில், சீவித் தயாராக, ஓர் இளநீர் இருந்தது.

"உங்கடை பக்கத்து ஆக்கள் எங்கடை வீட்டிலை கை நனைக்க மாட்டினமெண்டு தெரியும் தம்பி. அதுதான் இளநீர் வெட்டி வைச்சனான்" என்றார். அதில் குத்தல் இல்லை. அவரும் எங்கள் அம்மாவைப் போலவே யோசித்து யோசித்து இந்த முடிவுக்கு வந்திருக்கிறார்.

நான் இளநீரைக் குடித்துவிட்டுச் சொன்னேன்:

"அம்மா, எனக்குப் பசிக்குது. சோறு தாங்கோ."

அவர் மகனைப் பார்த்தார்.

"உவர் சாப்பிடுவாரோடா?"

"உவனோ? விட்டா என்ரை பங்கையும் சேத்துத் தின்னுவான்."

அன்றைக்கு மீன் தலையை எனக்கு வைத்தார்கள். நண்பன் பார்த்துக்கொண்டிருந்தான்.

படித்து முடித்துத் திரும்பியபோது எழுபதுகள் முடிந்துகொண்டிருந்தன. ரஷ்யப் பட்டம் உள்ளூர்ப் பட்டத்துக்குச் சமமா என்று கொழும்பில் ஒரு குழு நீண்ட நாள் கூடிக் கூடி ஆராய்ந்தது. கிட்டத்தட்டச் சமம் என்று முடிவாகி, எனக்கு விவசாய இலாகாவில் வேலை கிடைத்தது. நண்பன் ஒரு கப்பலில் இயந்திரப் பொறியியலாளனாக ஏறிப் போனான். மாமா எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கினார். பெண் வீட்டார் எல்லோரும் முதலில் கேட்டது, "அங்கை வெள்ளைக்காரி ஒருத்தியும் இல்லைத்தானே?" என்பதுதான். என்ன படித்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வந்த சில மாதத்தில் வீட்டில் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். அம்மா மாதத்தில் ஒருதரம் தவறாமல், காலமை பஸ்ஸில் சந்நிதி முருகனிடம் போய்விட்டுப் பின்னேரம் வருவார். அவ்வளவு பக்தி முன்பு இருந்ததில்லை. அப்பாவிடம் கேட்டேன். அவர் மடித்த வெற்றிலையை வாய்க்குள் வைத்துவிட்டுச் சொன்னார்.

"நீ ஒழுங்காய்க் கடிதம் போடமாட்டாய். அந்தப் பெடியன் தாய்க்கு ஒழுங்காய்ப் போடுவான். ஒருக்கா உன்ரை பாடு ஒண்டும் தெரியாமல் கொம்மா அந்த மனிசியிட்டைக் கேட்டுவரப் போனவ. பிறகு பழகிப்போச்சு. பெடியள் ரண்டும் வந்தாப்பிறகும் போறா."

"மாமாவுக்குத் தெரியுமோ?"

"சந்நிதிக்கெண்டு சொல்லுறா. சந்நிதியும் அந்தப் பக்கந்தானே."

அடுத்த மாதம் நான் வீட்டில் நின்ற ஒரு பின்னேரம் அம்மா பஸ்ஸால் இறங்கி வந்தார். நெற்றியில் திருநீறு இருந்தது. கையில் பன்புல்லால் இழைத்த பை. மாமா விறாந்தையில் இருந்தார். பை அவரைத் தாண்டிப் போகும்போது மூக்கைச் சுருக்கினார்.

"தங்கச்சி, சந்நிதியிலை இப்ப கருவாடோ பிரசாதம் குடுக்கினம்?"

அம்மா நின்றார். பையைப் பார்த்தார். தமையனைப் பார்த்தார். இத்தனை வருடமாக அவருடைய சொல்லுக்கு மறுசொல் சொல்லாத மனிசி.

"ஓம் அண்ணை" என்றார். "பாரைக் கருவாடு. இராவைக்கு உங்களுக்கும் ரண்டு துண்டு பொரிக்கட்டோ?"

மாமா பேப்பரை எடுத்து விரித்தார். கொஞ்ச நேரம் முதல் பக்கத்தைப் படித்தார். பிறகு தலையை எடுக்காமலே சொன்னார்:

"நல்லாய் முறுகப் பொரி."